வீட்டுக்குள் ஒரு கிளவுட்: நாஸ் பெட்டி வாங்குவதில் இருந்து பேக்கப் வரை

கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1-இல் இருந்து நாம் ஏற்றும் படங்களையும் இலவச 15 ஜிபி கணக்கில் சேர்க்கத் தொடங்கியது. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்தே அந்த 15 தான், கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அது ஒரு வருடம் தாங்கினாலே பெரிய விஷயம். அப்புறம் மூன்று வழிதான்: மாதச் சந்தா கட்டலாம், படங்களை உட்கார்ந்து அழிக்கலாம், இல்லையென்றால் வீட்டிலேயே ஒரு சேமிப்புப் பெட்டியை வைத்து எல்லார் போனையும் லேப்டாப்பையும் அதில் கொட்டலாம். இந்தக் கட்டுரை மூன்றாவது வழியைப் பற்றியது. இந்தப் பெட்டிக்குத்தான் நாஸ் என்று பெயர். ரவுட்டரில் லேன் கேபிளால் மாட்டி, வீட்டில் இருக்கிற எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ஹார்ட் டிஸ்க் பெட்டி, அவ்வளவுதான்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு மொத்தச் சரக்கும் 200 ஜிபிக்குள் அடங்கும் என்றால் இதெல்லாம் வேண்டாம், சந்தா கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள். பெட்டிக்கும் டிஸ்குகளுக்கும் கொடுக்கும் பணம் பல வருடச் சந்தாவுக்குச் சமம். அதைவிட முக்கியம், கூகுள் உங்களுக்காகச் செய்துகொண்டிருந்த பேக்கப், பாதுகாப்பு, பழுதான டிஸ்கை மாற்றுவது எல்லாம் இனி உங்கள் தலையில். மாதம் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்க முடியும், ஆயிரக்கணக்கான படங்களும் வீடியோக்களும் சேர்ந்துகிடக்கின்றன, கல்யாண வீடியோ மட்டுமே நூறு ஜிபிக்கு மேல் இருக்கிறது, வீட்டு ஆவணங்கள் வேறொருவர் சர்வரில் இருப்பது பிடிக்கவில்லை என்கிற ஆளாக இருந்தால் மேலே படியுங்கள்.

முதல் வேலை கணக்கு. எல்லார் போனிலும் செட்டிங்ஸில் போட்டோ, வீடியோ எவ்வளவு இடம் எடுத்திருக்கிறது என்று பாருங்கள், கூகுள் கணக்குகளையும் பாருங்கள், அலமாரியில் கிடக்கும் பழைய ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் எல்லாவற்றையும் கூட்டுங்கள். வரும் எண்ணை மூன்றால் பெருக்கினால் நான்கைந்து வருடத்துக்குப் போதுமான அளவு கிடைக்கும். பெரும்பாலான குடும்பங்களுக்கு 4 டிபி தாராளம். ஒன்று, 4 டிபி டிஸ்க் போட்டால் திரையில் 3.6 என்றுதான் காட்டும். கம்பெனி ஆயிரத்தால் கணக்குப் போடுகிறது, கணினி 1024-ஆல் போடுகிறது, கடைக்காரர் ஏமாற்றவில்லை.

எந்தப் பெட்டி?

பழைய லேப்டாப்பிலோ ராஸ்பெர்ரி பையிலோ ஓபன்மீடியாவால்ட், நெக்ஸ்ட்கிளவுட், இம்மிச் என்று இலவச மென்பொருள்களைப் போட்டு இதையே செய்யலாம். நன்றாகவே ஓடும், லினக்ஸ் பழக்கம் இருந்தால் அதுதான் சுவாரசியமும். ஆனால் புதிதாக வருகிறவர் இரவு பதினோரு மணிக்குக் கறுப்புத் திரையில் பிழைச் செய்தியைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன், அதனால் ரெடிமேட் பெட்டியையே எடுத்துக்கொள்கிறேன். சினாலஜி, கியூநாப், அசஸ்டர், யூகிரீன் எல்லாரும் இரண்டு டிஸ்க் போடும் பெட்டி விற்கிறார்கள். கீழே வரும் மெனுப் பெயர்கள் சினாலஜியுடையவை, மற்றவற்றிலும் வேறு பெயரில் அதே வேலைதான்.

ஒரே ஒரு டிஸ்க் உள்ளேயே பூட்டி வரும், "பெர்சனல் கிளவுட்" என்று அட்டையில் எழுதிய சின்னப் பெட்டிகள் விலை குறைவாகக் கிடைக்கும். எனக்கு அவற்றின்மேல் நம்பிக்கை இல்லை. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் உலகம் முழுக்க வரிசையாக ரீசெட் ஆகி, பல வருடப் படங்கள் ஒரே இரவில் காலியாயின. அந்தப் பெட்டிக்குக் கடைசியாக அப்டேட் வந்தது 2015-இல், ஓட்டைகள் அப்படியே திறந்திருந்தன, இணையத்தில் இருந்து யாரோ அழித்துவிட்டார்கள். 2023 ஏப்ரலில் அதே கம்பெனியின் சர்வர்கள் தாக்கப்பட்டபோது மை கிளவுட் சேவை சுமார் பத்து நாள் படுத்துவிட்டது, தன் வீட்டு மேசையில் இருக்கும் பெட்டிக்குள் இருக்கும் கோப்பைக்கூட எடுக்க முடியாமல் பலர் தவித்தார்கள், ஏனென்றால் உள்ளே நுழைவதே கம்பெனி சர்வர் வழியாகத்தான். ஆகவே வாங்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இணையமே இல்லாவிட்டாலும் வீட்டு வைஃபையில் இது வேலை செய்யுமா? இந்த மாடலுக்கு இன்னும் அப்டேட் வருகிறதா? இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் வேண்டாம். இரண்டாம் கையாகப் பழைய மாடலை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் இரண்டாவது கேள்வியை இரண்டு தடவை கேளுங்கள்.

டிஸ்க்

பெட்டி காலியாகத்தான் வரும், டிஸ்க் தனியாக வாங்க வேண்டும், இரண்டு டிஸ்கின் விலை சில நேரம் பெட்டியின் விலையைத் தாண்டும். கம்ப்யூட்டருக்கு வாங்கும் சாதாரண டிஸ்க் வேண்டாம், நாஸுக்கென்றே வரும் சீகேட் ஐயன்வுல்ஃப் அல்லது டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) ரெட் பிளஸ் மாதிரி வாங்குங்கள், அவை நாள் முழுக்க ஓடுவதற்கென்று செய்தவை, வாரண்டியும் மூன்று வருடம். டபிள்யூடியில் "பிளஸ்" என்ற சொல் இருக்கிறதா என்று கவனியுங்கள். வெறும் ரெட் என்ற வரிசையில் எஸ்எம்ஆர் என்ற முறையில் எழுதும் டிஸ்குகள் சொல்லாமல் கலந்திருந்தது 2020-இல் வெளியே வந்து பெரிய சண்டையானது. எஸ்எம்ஆரில் தடங்கள் ஓட்டு வீட்டு ஓடுகள் போல ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும், ஒன்றைத் திருத்தினால் பக்கத்தில் இருப்பதையும் எடுத்துத் திரும்ப அடுக்க வேண்டும், அதனால் ஒரு டிஸ்க் பழுதாகி இன்னொன்றில் எல்லாவற்றையும் மீண்டும் எழுதும் நேரத்தில் நாட்கணக்கில் இழுக்கும். விவரக் குறிப்பில் சிஎம்ஆர், அதாவது தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத முறை, என்று இருந்தால் சரி.

இரண்டு டிஸ்கையும் ஒரே கடையில் ஒரே பெட்டியில் இருந்து எடுக்காமல் வெவ்வேறு இடத்தில் வாங்கினால் நல்லது, ஒரே நாளில் தயாரானவை ஒரே சமயத்தில் பழுதாகும் வாய்ப்பு குறையும். கையில் வந்ததும் சீரியல் எண்ணைக் கம்பெனியின் தளத்தில் போட்டு வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று பாருங்கள். 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான மணிநேரம் ஓடிய சீகேட் டிஸ்குகள் புதியவை என்று விற்கப்பட்டு, உள்ளே இருக்கும் ஓட்டக் கணக்கையே யாரோ அழித்திருந்தது தெரியவந்தது. விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அப்புறம், பெட்டிக் கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கு எந்த டிஸ்க் ஒத்துப்போகும் என்ற பட்டியல் இருக்கும், அதை டிஸ்க் வாங்கும் முன் பார்க்க வேண்டும், வாங்கிய பின் அல்ல.

எங்கே வைப்பது, கரண்டுக்கு என்ன செய்வது

ரவுட்டர் பக்கத்தில், காற்றோட்டமான இடத்தில், தரையில் இருந்து உயரமாக. மூடிய டிவி அலமாரிக்குள் வைத்தால் மே மாதத்தில் டிஸ்கின் சூடு 50 டிகிரியைத் தாண்டிவிடும், அது நல்லதில்லை. படுக்கையறையும் வேண்டாம், ராத்திரி டிஸ்க் கரகரவென்று பேசும்.

கரண்ட் செலவைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். இரண்டு டிஸ்க் போட்ட சின்னப் பெட்டி ஓடும்போது சுமார் 20 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால் நாள் முழுக்க ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 29 யூனிட். பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியது கரண்ட் போவதைப் பற்றி. எழுதிக்கொண்டிருக்கும்போது பட்டென்று நின்றால் கோப்பு மட்டுமல்ல, கோப்புகளின் கணக்கை வைத்திருக்கும் அமைப்பே கெடலாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பின்னால் இருக்கும் ஸ்விட்ச் யூபிஎஸ் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள், சாதாரண நிலையில் மாறும் அந்தச் சின்ன இடைவெளியில் நாஸ் அணைந்து எழும். அதைவிடச் சிறந்தது 600 விஏ கம்ப்யூட்டர் யூபிஎஸ் ஒன்று, அதிலும் பின்னால் யூஎஸ்பி டேட்டா போர்ட் இருக்கும் மாடல். அந்தக் கேபிளை நாஸில் செருகி, கன்ட்ரோல் பேனலில் யூபிஎஸ் ஆதரவை இயக்கினால், பேட்டரி தீரும் முன் பெட்டி தானாகவே ஒழுங்காக அணைந்துகொள்ளும். மலிவு மாடல்களில் இந்தப் போர்ட் இருக்காது, கேட்டு வாங்குங்கள். இடி மின்னல் காலத்தில் எர்த் சரியாக இல்லாத பிளக்கில் இதை மாட்டாதீர்கள், எர்த் இருக்கிறதா என்று தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். ஃபைபர்காரர் கொடுத்த மோடத்தின் பின்னால் நான்கு லேன் போர்ட் இருந்தாலும் சில மாடல்களில் ஒன்றுதான் கிகாபிட், மற்றவை 100 மெகாபிட். கிகாபிட்டில் மாட்டினால் நொடிக்கு 110 எம்பி வரை வரும், 100-இல் மாட்டினால் 11-ஐத் தாண்டாது. "நாஸ் ரொம்ப ஸ்லோ" என்ற புகார்களில் பாதி இந்தப் போர்ட்டில்தான் முடிகிறது.

மாட்டி எழுப்புவது

டிஸ்குகளைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளுங்கள், லேன் கேபிள், கரண்ட், பவர் பட்டன். சில நிமிடத்தில் ஒரு பீப் கேட்கும். அதே வைஃபையில் இருக்கும் லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்து, பெட்டியோடு வந்த சின்னக் கையேட்டில் இருக்கும் முகவரிக்குப் போனால் அதுவே நாஸைத் தேடிக் கண்டுபிடித்து மென்பொருளை இறக்கி நிறுவிக்கொள்ளும். டிஸ்கில் ஏற்கெனவே எதுவும் இருந்தால் இந்த இடத்தில் மொத்தமும் அழிந்துவிடும், பழைய படங்கள் இருக்கும் டிஸ்கை அப்படியே செருகலாம் என்று நினைக்க வேண்டாம்.

அட்மின் கணக்குக்குப் பெயர் கேட்கும். யாரும் ஊகிக்க முடியாத பெயர், நீளமான பாஸ்வேர்டு. உங்கள் போன் நம்பரும் குழந்தை பெயரும் பிறந்த வருடமும் வேண்டவே வேண்டாம். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள், உங்களுக்கு ஏதாவது ஆனால் வீட்டில் இன்னொருவருக்குத் தெரிய வேண்டும். அப்டேட் எப்படி என்று கேட்கும்போது முக்கியமானவற்றைத் தானாக நிறுவும்படி விட்டுவிடுங்கள். வெளியில் இருந்து நுழைவதற்கான கணக்கைத் தொடங்கச் சொல்லும், இப்போதைக்குத் தாண்டிவிடுங்கள், அதைப் பிறகு பார்ப்போம்.

அடுத்தது ஸ்டோரேஜ் மேனேஜர். ஸ்டோரேஜ் பூல் உருவாக்கு என்றதும் ரெய்டு (பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் முறை) வகை கேட்கும், எஸ்எச்ஆர் அல்லது ரெய்டு 1 எடுங்கள், இரண்டு டிஸ்க் இருக்கும்போது இரண்டும் ஒரே வேலைதான்: ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். இரண்டு 4 டிபி போட்டால் கையில் கிடைப்பது 4 தான், எட்டு இல்லை. ரெய்டு 0 என்று ஒன்று இருக்கும், எட்டும் கிடைக்கும், ஒரு டிஸ்க் போனால் எல்லாம் போகும், அந்தப் பக்கமே போகாதீர்கள். கோப்பு முறைக்குப் பிடிஆர்எஃப்எஸ் கிடைத்தால் அதையே எடுங்கள், ஸ்னாப்ஷாட், அதாவது கோப்புகள் ஒரு நேரத்தில் இருந்த நிலையை அப்படியே குறித்துவைக்கும் வசதி, அதில்தான் வரும்.

இரண்டு டிஸ்கில் ஒரே சரக்கு இருப்பதால் பேக்கப் முடிந்தது என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இல்லை. ரெய்டு காப்பாற்றுவது ஒரு டிஸ்க் செத்துப்போகும் நிலையில் இருந்து மட்டும். நீங்கள் தவறுதலாக ஒரு போல்டரை அழித்தால் அது இரண்டு டிஸ்கிலும் அதே நொடியில் அழியும். லேப்டாப்பில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்தால் இரண்டிலும் பூட்டும். திருடன் தூக்கிப்போனால் இரண்டும் சேர்ந்துதான் போகும்.

ரவுட்டருக்குள் போய் டிஎச்சிபி ரிசர்வேஷன் என்ற இடத்தில் நாஸுக்கு நிரந்தரமான ஐபி முகவரி, உதாரணமாக 192.168.1.50, ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் வரும்போது முகவரி மாறக்கூடும், அப்போது லேப்டாப் "கிடைக்கவில்லை" என்று சொல்லும்.

ஆளுக்கு ஒரு கணக்கு

வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தனி யூசர் கணக்கு. அம்மாவுக்கும் சேர்த்துத்தான். கன்ட்ரோல் பேனலில் யூசர் ஹோம் சேவையை இயக்கினால் ஆளுக்கு ஒரு தனிப் போல்டர் வரும், ஒருவர் படம் மற்றவருக்குத் தெரியாது. பொதுவுக்கு "குடும்பம்" என்று ஒரு ஷேர்டு போல்டர், அதில் ரேஷன் கார்டு, காப்பீடு, வீட்டு வரி ரசீது, மார்க்‌ஷீட் ஸ்கேன் எல்லாம். போல்டர் பெயரைத் தமிழில் வைக்கலாம், ஒரு பிரச்சினையும் இல்லை, சில பழைய டிவிகளில் மட்டும் எழுத்துக்குப் பதில் கட்டம் தெரியும். தினசரிப் பயன்பாட்டுக்கு நீங்களும் சாதாரணக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள், அட்மின் கணக்கு செட்டிங்ஸ் மாற்றுவதற்கு மட்டும். இது சோம்பேறித்தனத்தால் எல்லாரும் விடும் படி, ஆனால் லேப்டாப்பில் வைரஸ் வந்தால் அட்மின் உரிமையோடு வந்ததா இல்லையா என்பதுதான் சேதத்தின் அளவைத் தீர்மானிக்கும்.

ஷேர்டு போல்டரை உருவாக்கும்போதே ரீசைக்கிள் பின்னை இயக்குங்கள். ஸ்னாப்ஷாட் ரெப்ளிகேஷன் என்ற பேக்கேஜைப் போட்டு, தினமும் ஒரு ஸ்னாப்ஷாட், ஒரு மாதத்துக்கு வைத்திரு என்று சொல்லிவிடுங்கள். ரான்சம்வேர் கோப்புகளைப் பூட்டினால்கூட நேற்றைய நிலைக்குத் திரும்ப இதுதான் வழி, இடமும் அதிகம் எடுக்காது.

அட்மின் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு, தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடிக்கும் முகவரியைத் தடுக்கும் ஆட்டோ பிளாக், இரண்டையும் செக்யூரிட்டி பகுதியில் இயக்குங்கள். ரவுட்டரில் யூபிஎன்பி என்று ஒன்று இருக்கும், கருவிகள் தாங்களாகவே இணையத்துக்கு வாசல் திறந்துகொள்ள விடும் வசதி அது, அணைத்துவிடுங்கள்.

வெளியூரில் இருந்து எடுப்பது

இங்கேதான் கவனம் தேவை, ஆகவே கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். பழைய வழிகாட்டிகளில் எல்லாம் "ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்யுங்கள்" என்று இருக்கும். அதாவது இணையத்தில் இருந்து நேராக உங்கள் நாஸின் வாசலுக்கு வழி திறந்துவிடுவது. அப்படித் திறந்த வாசல்களைத் தேடிக்கொண்டே இருக்கும் புரோகிராம்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. 2021 ஏப்ரலில் கியூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்று இரண்டு ரான்சம்வேர் கியூநாப் பெட்டிகளில் புகுந்து கோப்புகளைப் பூட்டி பிட்காயின் கேட்டன. 2014-இல் சினாலஜிக்கும் சினோலாக்கர் என்று ஒன்று வந்தது. அடிபட்டவை இணையத்துக்குத் திறந்துவைத்த பெட்டிகள்தான். எனவே போர்ட் திறக்காதீர்கள், அவ்வளவுதான், வேறு விவாதமே இல்லை.

அதோடு, நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் திறந்தாலும் வேலை செய்யாது. ஐபிவி4 என்ற பழைய வகை ஐபி முகவரிகள் உலக அளவில் தீர்ந்துபோனதால் இணையக் கம்பெனிகள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன, இதைச் சிஜிநாட் என்பார்கள். ரவுட்டருக்குள் வான் (WAN, இணையப் பக்கத்து) முகவரி 100.64-இல் இருந்து 100.127-க்குள் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான்.

இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன. எளிமையானது சினாலஜியின் குவிக்கனெக்ட்: ஒரு பெயரைப் பதிந்தால் போதும், நேரடி வழி கிடைக்காதபோது கம்பெனியின் சர்வர் வழியாக இணைப்புப் போகும், அந்த நேரம் வேகம் குறையும். வீட்டுப் பெரியவர்களுக்கு இது போதும். நான் விரும்புவது டெயில்ஸ்கேல். வயர்கார்ட் என்ற மறையாக்க (மற்றவர் படிக்க முடியாதபடி தரவைப் பூட்டும்) முறையின்மேல் ஓடும் தனி வலை இது, வீட்டு உபயோகத்துக்கு இலவசத் திட்டமே போதும், சிஜிநாட்டையும் தாண்டிப் போகும், உங்கள் கணக்கில் சேராத கருவிக்கு உங்கள் நாஸ் இருப்பதே தெரியாது. நாஸின் பேக்கேஜ் சென்டரில் இருந்து டெயில்ஸ்கேலை நிறுவி ஒரு கணக்கில் நுழையுங்கள், போனிலும் லேப்டாப்பிலும் அதே கணக்கு. நாஸுக்கு 100 என்று தொடங்கும் ஒரு முகவரி தரும், வெளியூரில் இருக்கும்போது அந்த முகவரியைப் போட்டால் வீட்டில் இருப்பது போலவே திறக்கும். ஒன்றை மறக்காதீர்கள்: டெயில்ஸ்கேல் ஒவ்வொரு கருவியையும் 180 நாளுக்கு ஒருமுறை மறுபடி நுழையச் சொல்லும். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் நாஸ் அப்படி வெளியே விழுந்துவிடும். டெயில்ஸ்கேல் தளத்தில் கருவிகள் பட்டியலில் நாஸுக்கு மட்டும் கீ எக்ஸ்பைரியை அணைத்துவிடுங்கள்.

வெளியில் இருந்து பார்க்கும்போது உங்கள் வீட்டின் அப்லோடு வேகம்தான் நீங்கள் பார்க்கும் டவுன்லோடு வேகம் என்பதும் நினைவில் இருக்கட்டும். 100 எம்பிபிஎஸ் பிளான் என்று சொல்லி அப்லோடு 20 மட்டும் இருந்தால் 4கே வீடியோ திக்கித் திக்கித்தான் ஓடும், அதற்கு நாஸைத் திட்டிப் பயனில்லை.

போன்களைச் சேர்ப்பது

ஒவ்வொரு போனிலும் சினாலஜி போட்டோஸ் செயலி, அவரவர் கணக்கு, பேக்கப் இயக்கம், வைஃபையில் மட்டும். முதல் ஏற்றம் பெரியது, ஒரு நாளைக்கு ஒரு போன் என்று வைத்து ராத்திரி சார்ஜில் போட்டுவிடுங்கள், எல்லாப் போனையும் ஒரே நேரத்தில் விட்டால் சின்னப் பெட்டி முட்டி நிற்கும். ஏற்றி முடிந்த பிறகும் ஒவ்வொரு படத்துக்கும் சிறுபடம் தயாரிக்க அதற்குச் சில நாள் பிடிக்கலாம், அதுவரை பார்ப்பதற்கு மந்தமாகத்தான் இருக்கும், உடனே திருப்பிக் கொடுக்கக் கிளம்பாதீர்கள்.

ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பு என்ற பெயரில் போனே இந்தச் செயலியைக் கொன்றுவிடும். செட்டிங்ஸில் பேட்டரி பகுதியில் இந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றுங்கள். ஐபோன் பின்னணியில் ஓடும் செயலிகளுக்குக் கொஞ்ச நேரம்தான் ஒதுக்கும், அதனால் முதல் ஏற்றத்துக்குச் செயலியில் இருக்கும் ஃபோகஸ்டு பேக்கப்பைப் பயன்படுத்துங்கள், திரையை மங்கலாக்கி விழித்திருந்து ஏற்றும். அப்புறமும் வாரம் ஒருமுறை செயலியைத் திறந்து பார்ப்பது நல்லது.

வாட்ஸ்ஆப் படங்கள் தனிக் கதை. அனுப்பும்போதே வாட்ஸ்ஆப் படத்தின் உள்ளே இருக்கும் தேதி, இடம் எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறது, கோப்பின் பெயரில் மட்டும் வந்த தேதி இருக்கும். அதனால் 2016-இல் எடுத்த பாட்டி படம் யாரோ சென்ற மாதம் அனுப்பியதால் சென்ற மாதத்தில் போய் உட்காரும். மேலும் குட் மார்னிங் படங்கள் எல்லாம் நாஸில் நிரம்பும். பேக்கப்புக்குக் கேமரா போல்டரை மட்டும் தேர்ந்தெடுங்கள், வாட்ஸ்ஆப்பில் உண்மையிலேயே வேண்டியதைக் கையால் சேர்த்துக்கொள்ளலாம்.

கூகுளில் ஏற்கெனவே இருப்பதை எடுக்க கூகுள் டேக்அவுட். போட்டோஸை மட்டும் தேர்ந்தெடுத்து, 50 ஜிபித் துண்டுகளாகக் கேளுங்கள், இணைப்பு மின்னஞ்சலில் வரும், ஒரு வாரத்தில் காலாவதியாகும் என்பதால் வந்ததும் இறக்குங்கள். உள்ளே ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் ஜேசன் என்ற சின்னக் கோப்பு இருக்கும், நீங்கள் கூகுளில் திருத்திய தேதியும் குறிப்பும் அதில்தான், குப்பை என்று அழித்துவிடாதீர்கள். எல்லாம் நாஸுக்கு வந்துவிட்டது என்று தெரிந்தாலும் கூகுளில் இருப்பதை உடனே அழிக்க வேண்டாம். மூன்று மாதமாவது போகட்டும். சினாலஜி செயலியில் போனில் இடத்தைக் காலிசெய் என்று ஒரு பட்டன் இருக்கிறது, அதையும் பேக்கப் ஒழுங்காக ஓடத் தொடங்கும் வரை தொடாதீர்கள், ஏனென்றால் தொட்ட பிறகு அந்தப் படம் இருக்கும் ஒரே இடம் இந்தப் பெட்டி.

பேக்கப்

இதைச் செய்யாவிட்டால் மேலே செய்த எதற்கும் மதிப்பில்லை என்பது என் உறுதியான கருத்து. மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவி, ஒன்று வீட்டுக்கு வெளியே என்று புகைப்படக்காரர் பீட்டர் குரோக் சொன்ன 3-2-1 விதி இன்றைக்கும் பொருந்துகிறது. பெரிய கம்பெனிகளுக்கே இந்த அடி விழுந்திருக்கிறது: 2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் என்ற கிளவுட் கம்பெனியின் தரவு மையம் எரிந்தபோது, பேக்கப்பும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் போனது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்குத் தரைத்தளத்தில் இருக்கும் பெட்டியைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

நடைமுறையில் செய்ய வேண்டியது: இரண்டு யூஎஸ்பி வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். இவை மலிவான சாதாரண டிஸ்காகவே இருக்கலாம், எஸ்எம்ஆர் என்றாலும் பரவாயில்லை. நாஸின் யூஎஸ்பி போர்ட்டில் ஒன்றைச் செருகி, ஹைப்பர் பேக்கப்பில் வாரம் ஒருமுறை ஓடும்படி வேலை உருவாக்குங்கள். பல பதிப்புகள் வைத்திருக்கும் வகை, ஒரே பதிப்பு வைத்திருக்கும் வகை என்று இரண்டு கேட்கும். முதலாவதில் பழைய நிலைக்குப் போகலாம், ஆனால் திறக்க சினாலஜியின் மென்பொருள் வேண்டும். இரண்டாவதில் கோப்புகள் அப்படியே இருக்கும், எந்த லேப்டாப்பிலும் செருகிப் பார்க்கலாம். ஸ்னாப்ஷாட் ஏற்கெனவே இயக்கியிருப்பதால் வீட்டில் இருக்கும் டிஸ்குக்கு இரண்டாவது வகையே போதும். உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் எந்த மென்பொருளும் இல்லாமல் படங்களைத் திறக்க முடியும் என்பது பெரிய விஷயம்.

இரண்டாவது டிஸ்கில் பதிப்பு வகை, மறையாக்கத்தோடு. அதை அக்கா வீட்டிலோ அலுவலக டிராயரிலோ வைத்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து புதுப்பித்துத் திருப்பி அனுப்புங்கள். மறையாக்கப் பாஸ்வேர்டும் அந்தத் தாளில் ஏற வேண்டும், தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது. டிஸ்கைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாதவர்கள் மறையாக்கிய பேக்கப்பை ஏதாவது கிளவுட் சேமிப்புக்கு அனுப்பலாம், ஆனால் அப்லோடு 20 எம்பிபிஎஸ் என்றால் 1 டிபி ஏறவே நான்கரை நாளுக்கு மேல் ஓடும், அதற்கும் மாதக் கட்டணம் உண்டு.

பேக்கப் ஓடியது என்ற பச்சை டிக்கை மட்டும் நம்பாதீர்கள். அவ்வப்போது யூஎஸ்பி டிஸ்கைக் கழற்றி லேப்டாப்பில் செருகி நாலைந்து படத்தையும் ஒரு பெரிய வீடியோவையும் திறந்து பாருங்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு

மின்னஞ்சல் அறிவிப்பை இயக்கினால் டிஸ்கில் பிரச்சினை, பேக்கப் தோல்வி, அப்டேட் எல்லாம் போனுக்கே வரும். மாதம் ஒருமுறை ஸ்மார்ட் சோதனை (டிஸ்க் தன் நிலையைத் தானே பரிசோதிப்பது), சில மாதத்துக்கு ஒருமுறை டேட்டா ஸ்கிரப்பிங் (எழுதியவை கெடாமல் இருக்கின்றனவா என்று படித்துச் சரிபார்ப்பது), இரண்டுக்கும் அட்டவணை போட்டுவிடலாம். தூசியைத் துடையுங்கள், பின்னால் இருக்கும் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

என்றைக்காவது ஒருநாள் பெட்டி விடாமல் பீப் அடிக்கும், ஒரு டிஸ்க் பழுது என்று செய்தி வரும். பதற வேண்டாம், மற்ற டிஸ்கில் எல்லாம் இருக்கிறது. முதலில் யூஎஸ்பி பேக்கப்பை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். ஸ்டோரேஜ் மேனேஜரில் பழுதான டிஸ்கின் சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தட்டை இழுத்ததும் டிஸ்கின்மேல் ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். அவசரத்தில் நல்ல டிஸ்கை உருவிவிட்டால் நிலைமை மோசமாகிவிடும், அதனால் சந்தேகம் இருந்தால் பெட்டியை அணைத்துவிட்டே கழற்றுங்கள். அதே அளவோ அதைவிடப் பெரியதோ புது டிஸ்க் போட்டு ரிப்பேர் பட்டனை அழுத்தினால் தானாகவே எழுதிக்கொள்ளும், பல மணிநேரம் ஆகும், அந்த நேரத்தில் புதிதாக எதையும் ஏற்றாமல் விட்டுவிடுங்கள். பழைய டிஸ்கை வாரண்டிக்கு அனுப்பினால் அதே டிஸ்க் திரும்பி வராது, வேறொன்றுதான் வரும், உள்ளே உங்கள் வீட்டுப் படங்களும் ஆதார் ஸ்கேனும் அப்படியே இருக்கும். டிஸ்க் இன்னும் கொஞ்சம் ஓடுகிறது என்றால் முழுதாக அழித்துவிட்டு அனுப்புங்கள். சுத்தமாகச் செத்துவிட்டது என்றால் நானாக இருந்தால் வாரண்டியைக் கைவிட்டு டிரில்லிங் மெஷினால் நாலைந்து ஓட்டை போட்டு மின்குப்பை எடுப்பவரிடம் கொடுத்துவிடுவேன்.